வழுக்கி விழுந்ததை எண்ணிய வகுப்பு

வகுப்பு இருக்கிற நாளில் எனக்குக் காலையில் எதுவும் இறங்காது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஒரு மடக்குத் தேத்தண்ணிகூட இறங்காது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மலையில் ஆறு வருஷம் தோட்டம் தோட்டமாகப் போய் வகுப்பு நடத்தினேன். ஆறு வருஷமும் வெறும் வயிற்றோடுதான் போனேன். பழகினால் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். வகுப்புகள் பழகின, பயம் மட்டும் போகவில்லை. அதற்குக் காரணம் முதல் வகுப்பு. அதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நான் தோட்டத்து ஆபீஸில் டைப்பிஸ்ட். கூலிக்காரர் வீட்டு வரிசையான எங்கள் லைனில் இருந்து ஆபீஸுக்குள் உட்கார்ந்து வேலை பார்க்கப் போன முதல் பெண். இதில் பெருமை கொஞ்சம், பயம் நிறைய. ஒரு எழுத்து தப்பாக அடித்தாலும், லைன்காரி புத்தி இவ்வளவுதான் என்று நினைப்பார்களோ என்று தாளைக் கிழித்துவிட்டு முதலில் இருந்து அடிப்பேன். பெரிய கிராணி, அதாவது தலைமை குமாஸ்தா, அதைப் பார்த்துச் சிரிப்பார். அவருக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வரும். என்னைப் பார்த்தால் கூடுதலாக வரும்.

அப்போது எதற்கெடுத்தாலும் ஜப்பான்காரனைப் பார் என்று சொன்ன காலம். கோலாலம்பூரில் இருந்த எங்கள் தலைமை ஆபீஸுக்கும் அந்த ஆசை வந்தது. தொழிலாளர்களைச் சின்னச் சின்னக் குழுவாக உட்கார வைத்து, அவர்கள் வேலையில் உள்ள ஒரு தொல்லையை அவர்களே எண்ணி, படம் போட்டு, அதற்கு ஒரு புது வழியை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கத் தோட்டத்துக்கு ஒருவர் பயிற்சிக்குப் போக வேண்டும். எங்கள் தோட்டத்தில் யாரும் போகத் தயாராக இல்லை. பெரிய கிராணிக்கு இடுப்பு வலி. சின்ன கிராணிக்குக் கல்யாணம். கொழுந்து பறிக்கிறவர்கள் எல்லாம் பொம்பளைகள்தானே, ஒரு பொம்பளையே போகட்டும் என்று தோட்டத்து மேனேஜரான துரை முடிவு செய்தார்.

துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. வெள்ளைக்காரர்கள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. இவர் ஈப்போப் பக்கத்துச் சீனர். பாதி மலாய், பாதி இங்கிலீஷில் பேசுவார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. சுருக்கமாகப் பேசுவார், அதனாலேயே நான் நடுங்குவேன்.

கோலாலம்பூரில் ஒரு வாரம். நான் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். குளிர் மலையில் வளர்ந்தவளுக்கு அந்தப் புழுக்கமே பாதி உயிரை எடுத்தது. பாடம் நடத்தியவர் மேசையைத் தட்டித் தட்டி ஒன்றையே சொன்னார். யாருடைய அபிப்பிராயமும் வேண்டாம், எண்ணிக்கையைக் கொண்டு வா. எது அதிகம் என்று பார். ஏன் என்று கேள். பதில் வந்தால் அந்தப் பதிலையும் ஏன் என்று கேள். புதிதாக ஒன்றைச் செய்வதற்கு முன்னும் எண்ணு, செய்த பிறகும் எண்ணு. எனக்கு அது பிடித்திருந்தது. அபிப்பிராயம் என்றால் பெரிய கிராணியோடுதான் எனக்குப் போட்டி, நான் தோற்றுவிடுவேன். எண்ணிக்கை யாருக்கும் பயப்படாது என்று நினைத்தேன். பஸ்ஸில் மலை ஏறி வரும்போது, சுருட்டிய வெள்ளைத் தாள்களைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, இனி எனக்குப் பயம் இருக்காது என்றுகூட நினைத்தேன்.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் முதல் வகுப்பு. எட்டுப் பெண்கள் வந்தார்கள். எல்லாரும் என் அம்மாவோடு கொழுந்து பறித்தவர்கள், அல்லது அவர்களுடைய மருமகள்கள். அதில் ஒருத்தி என்னோடு தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவள். கணக்கில் என்னைவிடக் கெட்டி. ஆறாம் வகுப்போடு அவளை நிறுத்திக் கூடையை மாட்டிவிட்டார்கள், என்னை மேலே படிக்க வைத்தார்கள். அவள் எங்கள் தோட்டத்திலேயே வேகமான கை. இரண்டு கையாலும் பறிப்பாள், கண் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம், கை தன் பாட்டுக்குப் போகும். அவளை வைத்துக்கொண்டு நான் டீச்சர் வேஷம் போட வேண்டியிருந்தது. தாள்களை விரிப்பதும் சுருட்டுவதுமாக நின்றேன்.

“ஏன்டி முழிக்கிற?” என்றாள் அவள். “எங்களை என்ன செய்யப் போற? ஊசியா போடப் போற?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உயிர் வந்தது.

உங்கள் வேலையில் எது தொல்லை என்று கேட்டேன். அட்டைக்கடி, குளிர், வேலை வாங்கும் கங்காணியின் வாய் என்று வரிசையாகச் சொன்னார்கள். எல்லாருக்கும் பொதுவாக வந்தது ஒன்றுதான். முழுக் கூடையோடு கீழே இறங்கும்போது வழுக்கி விழுவது. தேயிலை இருக்கிற மலைக்காட்டில் இருந்து கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு ஒரு ஒற்றையடிப் பாதை. மத்தியானம் மழை பிடித்தால் அது சோப்புப் போட்ட மாதிரி ஆகிவிடும். முட்டி தேயாத ஆளே அந்தக் காட்டில் இல்லை. சரி, அதையே எண்ணுவோம் என்றேன்.

எப்படி எண்ணுவது? பாதிப் பேருக்கு எழுத வராது. அதற்கு வழி சொன்னதும் என் தோழிதான். பாதையை ஐந்து துண்டாகப் பிரித்தோம். மேல் மேடு, மரப்பாலம், யூக்கலிப்டஸ் மரம், சாமிக்கல் வளைவு, கடைசி இறக்கம். துண்டுக்கு ஒரு பால் டின். ஐந்து டின்னையும் நிறுக்கும் கொட்டகைத் தூணில் வரிசையாக ஆணி அடித்து மாட்டினோம். டின் மேல் அந்த இடத்தின் படத்தை அவளே சுண்ணாம்பில் வரைந்தாள். பக்கத்தில் ஒரு கோணி நிறையத் தேயிலைக் கொட்டை. யார் எங்கே விழுந்தாலும் கொட்டகைக்கு வந்ததும் அந்த இடத்து டின்னில் ஒரு கொட்டையைப் போட வேண்டும்.

இரண்டு மாதம் டின்கள் தொங்கின. எனக்கு நிம்மதி இல்லை. யாராவது விளையாட்டுக்குப் போட்டுவிடுவார்களோ, எலி தின்றுவிடுமோ, ஒருத்தியும் விழாமலே போய்விடுவாளோ என்று பயம். மற்றவர்கள் விழாமல் போனால் கவலைப்பட்ட ஒரே ஜென்மம் நானாகத்தான் இருப்பேன். அதை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

இறக்கிப் பார்த்தபோது எண்ணவே தேவைப்படவில்லை. நாலு டின்னைத் தூக்கினால் கையில் ஏதோ உருண்டது. சாமிக்கல் வளைவு டின்னைத் தூக்கினால் கை இறங்கியது. எண்ணி, தாளில் கட்டம் கட்டமாக, தூண் மாதிரிப் பத்தி போட்டோம். மற்ற நாலும் குட்டை, ஒன்று மட்டும் தாளின் உச்சி வரை. பெண்கள் கிட்டே வந்து அதைத் தடவிப் பார்த்தார்கள். தாங்கள் விழுந்ததெல்லாம் ஒரே இடத்தில் நிற்பதை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்தது காரணம். பயிற்சியில் காட்டியபடி நான் தாளில் ஒரு மீனைத் தலையும் முள்ளுமாக வரைந்தேன், ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு காரணம் எழுத வேண்டும்.

“இது என்ன மீனுலா?” என்றாள் ஒருத்தி. “கெம்போங் மீனா?”

“தலை பெருசா இருக்கு. நெத்திலி இல்ல.”

சிரித்துக்கொண்டே சொன்னார்கள், நான் எழுதினேன். மழை. சேறு. கூடைப் பாரம். அவசரம். தேய்ந்துபோன ரப்பர் சப்பாத்து, பூட்ஸைத்தான் அப்படிச் சொல்வோம். மீன் நிறைந்துவிட்டது. ஆனால் எனக்கு உறுத்தியது. மழை ஐந்து இடத்திலும் பெய்கிறது. பாரம் ஐந்து இடத்திலும் ஒன்றுதான். சாமிக்கல் வளைவு கடைசி இறக்கத்தைவிடச் செங்குத்துகூட இல்லை. அங்கே மட்டும் ஏன்? கேட்டேன். தெரியவில்லை என்றார்கள். எனக்கும் தெரியவில்லை. சின்ன வயதில் இருந்து நடந்த பாதை, ஆனாலும் தெரியவில்லை.

தலைமை ஆபீஸில் இருந்து ஆட்கள் வந்து பார்க்கப் பத்து நாள் இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ஆபீஸ் சப்பாத்தோடு நானே அந்தப் பாதையில் போய் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. மேலே இருந்து மெல்ல இறங்கினேன். வளைவு வந்தது. சாமிக்கல் என்பது முழங்கால் உயரக் கல். மஞ்சள், குங்குமம், பக்கத்தில் ஒரு துருப்பிடித்த சூலம். காட்டைக் காக்கிற முனியாண்டி. அதைத் தாண்டும்போது என் இடது கால் சர்ரென்று போயிற்று. தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு இடுப்பு வரை சேற்றில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த இடத்தில் இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் பாதையில் இல்லை. பாதை எனக்கு இரண்டடி மேலே, கெட்டியாக, கல்லும் மண்ணுமாக இருந்தது. நான் அதைவிட்டு இறங்கி, செடிக்கும் சரிவுக்கும் நடுவே ஒரு சாண் அகல ஓரத்தில் இருந்தேன். யாரும் என்னைத் தள்ளவில்லை. கால் தானாக இறங்கியிருக்கிறது.

சாமிக்கு நேர் முன்னால் சப்பாத்து போட்டுக்கொண்டு போகக் கூடாது. இது யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, அம்மாவின் பின்னால் நடந்தபோதே வந்தது. அம்மா காலத்தில் எல்லாரும் வெறுங்காலோடு நடந்தார்கள், நேராகப் பாதையிலேயே போனார்கள். பள்ளிக்குப் போகும்போது நான் சிலிப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டுவேன். எழுபதுகளில், அட்டைக்கடிக்காகத் தோட்டம் எல்லாருக்கும் முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து கொடுத்தது. முதுகில் முழுக் கூடையை வைத்துக்கொண்டு குனிந்து அதைக் கழற்ற முடியுமா? அதனால் ஓரமாக இறங்கி, தலையைக் குனிந்து, தாண்டி மறுபடி ஏறுகிறார்கள். அது ஒரு காரியம் என்றே யாரும் நினைக்கவில்லை. மூச்சு விடுகிறோம் என்று மீன் முள்ளில் யாராவது எழுதுவார்களா? வெளியூர்க்காரன் ஒருவன் அங்கே பத்து நிமிஷம் நின்றிருந்தால் கண்டுபிடித்திருப்பான். அந்த எட்டுப் பேரும் நானும் இரண்டு மாதம் எண்ணியும் பார்க்கவில்லை.

சேற்றோடு கொட்டகைக்குப் போய் அந்த டின்னில் நானும் ஒரு கொட்டை போட்டேன். சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம் அடுத்த வகுப்பு வரைக்கும்தான்.

வகுப்பில் சொன்னேன். “நாம பாதையில விழல. ஓரத்துல விழறோம். சாமிக்காக ஓரமாப் போறோம், அதான்.”

ஒருத்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஒருத்தி ஆயாக் கொட்டகைத் தொட்டிலை ஆட்டப் போனாள். நான் மீன் தலைக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘சாமிக்கல்’ என்று எழுதினேன். என் தோழி எழுந்து வந்தாள்.

“அதை எழுதாதடி,” என்றாள். குரலில் விளையாட்டு இல்லை. “அழிச்சிரு.”

“ஏன்?”

“அழிச்சிரு, சொல்றேன்ல.”

மற்றவர்களும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். அழித்தேன். எனக்கு ஏன் என்று புரிந்துவிட்டதாக நினைத்தேன். சில வருஷத்துக்கு முன் கம்போங் ராஜா பக்கம் ஒரு தோட்டத்தில் ரோடு போடச் சாமிக்கல்லை இயந்திரத்தால் தள்ளிவிட்டார்கள். ஜனங்கள் வேலைக்குப் போகாமல் ரோட்டில் உட்கார்ந்தார்கள். எண்ணிக்கையில் சாமிக்கல் என்று வந்தால் துரை அதையே இங்கேயும் செய்வார், நாளைக்குக் காலையில் டிராக்டர் வரும், என் அம்மா முதல் எல்லாரும் என் முகத்தில் முழிக்க மாட்டார்கள். இதைத்தான் அவள் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஏன் என்று கேள், பதிலையும் ஏன் என்று கேள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் ஒரு தடவை கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

தலைமை ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள். கோட்டு, டை. ஆபீஸில் நாற்காலி போட்டு, துரை, பெரிய கிராணி எல்லாரும் உட்கார்ந்தார்கள். பெண்கள் சுவரோரம் நின்றார்கள். நான் படங்களைக் காட்டினேன். என் குரல் யாருடையதோ மாதிரி எனக்கே கேட்டது. உயர்ந்த பத்தியைக் காட்டியதும் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தேயிலைக் கொட்டைக் கதை அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

“ஏன் அந்த வளைவில் மட்டும்?” என்று துரை கேட்டார்.

நான் சுவரோரம் பார்த்தேன். என் தோழி தரையைப் பார்த்தாள்.

“அங்கே தண்ணி ஊறுது, சார்,” என்றேன். “பாதையில நிக்குது.”

அது முழுப் பொய் இல்லை. மழை பெய்தால் மலையில் எங்கேதான் தண்ணீர் ஊறாது? துரை தலையை ஆட்டினார். அந்த இடத்தில் சிமெண்டு படி கட்டலாம், தண்ணீரை ஓரமாக வடித்து விடலாம் என்றார். வந்தவர்கள் கை தட்டினார்கள். எட்டுப் பெண்களுக்கும் ஆளுக்கொரு வெந்நீர்ப் பிளாஸ்க் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று. பெரிய கிராணி கிட்டே வந்து, “தண்ணி ஊறுதுன்னு கண்டுபிடிக்க ரெண்டு மாசமாம்மா?” என்று சிரித்தார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. தண்ணீரை ஓரமாக வடிப்பார்கள். ஓரத்தில்தான் எல்லாரும் நடக்கிறார்கள். இது எனக்கு அந்த நாற்காலிகளுக்கு முன் நிற்கும்போதே தெரிந்தது. படி நன்றாக இருந்தால் நடுவிலேயே நடக்கப் பழகிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அழகான படிகள் கட்டினார்கள். பக்கத்தில் ஒரு வாய்க்கால், தண்ணீர் அதில் வந்து சரியாக அந்த ஒரு சாண் ஓரத்தில் விழுந்தது. படியில் யாரும் கால் வைக்கவில்லை. செய்த பிறகும் எண்ண வேண்டும் அல்லவா? எண்ணினோம். டின் முன்பைவிடச் சீக்கிரம் நிறைந்தது. தினமும் வேலை முடிந்ததும் கொட்டகைப் பக்கம் போவேன், டின்னைத் தூக்கிப் பார்ப்பேன், போட்டுவிடுவேன். துரையிடம் சொல்லப் போய், ஆபீஸ் கதவு வரைக்கும் போய், டைப்ரைட்டர் ரிப்பன் தீர்ந்துவிட்டது சார் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்த நாள் இரண்டு. மூன்றாவது தடவை போக எனக்கு வாய்க்கவில்லை.

ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, கங்காணி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். தொப்பியில் இருந்து தண்ணீர் சொட்டியது. ஆளைத் தூக்கிக்கொண்டு போக லேண்ட்ரோவர் ஜீப் வேண்டும் என்றார். யார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் வாயைத் திறக்கும்முன் தெரிந்துவிட்டது.

என் தோழி ஓரத்தில் இறங்கும்போது வாய்க்கால் தண்ணீரில் கால் போய், முழுக் கூடையோடு உருண்டிருக்கிறாள். வலது மணிக்கட்டு கூடைக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. எலும்பு பிறகு கூடியது, ஆனால் அந்தக் கையில் பிடி திரும்பவில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றை ஒன்று தொடும், கிள்ளாது. கொழுந்து என்பது கிள்ளுவதுதான். அவள் அதற்குப் பிறகு கொழுந்து பறிக்கவில்லை. ஆயாக் கொட்டகையில் தொட்டில் ஆட்டும் வேலை கொடுத்தார்கள்.

மறுநாள் நான் பார்க்கப் போனேன். மாவுக்கட்டோடு உட்கார்ந்து இடது கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். நான் கட்டில் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். நான்தான் தண்ணீர் என்று பொய் சொன்னேன், நான் சொன்ன பொய்யில் இருந்துதான் அந்த வாய்க்கால் வந்தது, சாமியைத் தள்ளிவிடுவார்களே என்று பயந்தேன், நீதான் எழுத வேண்டாம் என்றாய்.

அவள் கரண்டியை வைத்தாள். என்னைப் பார்த்தாள். கோபம் என்று நினைத்தேன், அது கோபம் இல்லை, வியப்பு.

“சாமிக்காகவா சொன்னேன்னு நெனச்ச?” என்றாள்.

“பின்ன?”

“கல்லை நகர்த்தறதுல என்னடி இருக்கு? ஒரு எலுமிச்சம்பழம், கொஞ்சம் சூடம். எங்க மாமியா காலத்துலயே ரெண்டு தடவ நகர்த்தியாச்சு. மொதல்ல பாலத்துக்கிட்டதான் இருந்துச்சு.”

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“உனக்காகத்தான் சொன்னேன்,” என்றாள். “கோட்டு போட்ட ஆளுங்க வராங்க, நீ போய் சாமி கீமின்னு எழுதி வெச்சா சிரிக்க மாட்டாங்களா? லைன்காரி புத்தின்னு சொல்ல மாட்டாங்களா? பெரிய கிராணி ஏற்கெனவே சிரிக்கிறாரு. எங்கள்ல ஒருத்திதான் அங்க நாற்காலில உக்காந்திருக்கா. அவளையும் எறக்கி விட்டுட்டா?”

நான் அவர்களைக் காப்பாற்றுகிறேன் என்று பொய் சொன்னேன். அவர்கள் என்னைக் காப்பாற்றுகிறோம் என்று வாயை மூடிக்கொண்டார்கள். நடுவில் அவள் கை போயிற்று. அங்கேயே, பக்கத்துக் கட்டில் சீனக் கிழவி பார்க்கப் பார்க்க, நான் அழுதேன். அவள் இடது கையால் என் முதுகில் ஒரு தட்டு தட்டி, “கஞ்சி ஆறுதுலா, எழுந்திரு,” என்றாள்.

நான் கிளம்புவதற்கு முன் அவள் ஒரு தாளைக் கேட்டு வாங்கினாள். இடது கையில் பென்சிலைப் பிடித்து, ரொம்ப நேரம் எடுத்து, கோணல் மாணலாக எழுதினாள். ‘சாமிக்கு முன்னால் சப்பாத்தோடு போகமாட்டோம். ஓரமாய் போவோம். அங்கேதான் விழுகிறோம்.’

அதை எடுத்துக்கொண்டு நேராகத் துரையின் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்றுகூட நினைவில்லை. பெரிய கிராணியும் அங்கே இருந்தார். தாளை மேசையில் வைத்து, ஒவ்வொரு வரியாக மலாயில் சொன்னேன். தண்ணீர் என்று நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன், போகட்டும் என்றும் இருந்தது. துரை அந்தக் கோணல் எழுத்தைப் படிக்கத் தெரியாமலே பார்த்துவிட்டுத் தாளை நீட்டினார். பெரிய கிராணி அதைப் படித்தார். சிரிக்காமல் மேசையில் திரும்ப வைத்தார்.

“அவர்களுக்கு என்ன வேண்டுமாம்?” என்று துரை கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன்.

கேட்டேன். அதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கல்லைத் தொட வேண்டாம், பாதையைக் கல்லுக்குப் பின்பக்கமாகத் திருப்பினால் போதும் என்றார்கள். சாமிக்கு முதுகுப் பக்கம் சப்பாத்தோடு போனால் ஒரு குற்றமும் இல்லை. எங்கே வெட்ட வேண்டும், எத்தனை செடி பிடுங்க வேண்டும் என்று ஒருத்தி குச்சியால் மண்ணில் கோடு போட்டே காட்டிவிட்டாள். துரை மூன்று ஆண்களைக் கொடுத்தார். வாய்க்காலை மேலேயே வேறு பக்கம் திருப்பினார்கள். எல்லாம் சேர்த்து இரண்டு நாள் வேலை.

இரண்டாவது நாள் மத்தியானம் அவள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்துவிட்டாள். கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தாள். முதலில் அவள்தான் போக வேண்டும் என்று மற்ற ஏழு பேரும் சொல்லிவிட்டார்கள். கூடை இல்லாமல், ரப்பர் சப்பாத்தோடு, மேல் மேட்டில் இருந்து இறங்கினாள். வளைவில் திரும்பி, கல்லுக்குப் பின்பக்கமாக, தலையைக் குனியாமல், காலைப் பார்க்காமல், சாதாரணமாக நடந்து வந்து என் முன்னால் நின்றாள். திரும்பி அந்தப் பாதையைப் பார்த்தாள்.

“இவ்ளோதானா?” என்றாள்.

“இவ்ளோதான்,” என்றேன்.